இடது கெண்டைக்கால்

அத்தியாயம் 17

போன வாரம் இராக்கம்மாவின் கணுக்காலில் ஓர் அட்டையை ஒட்டவிட்டு வந்தோம். மழைக்காலத்தில் பசறை மலையில் அட்டை கடிப்பதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பீர்கள். நியாயம்தான். நாற்பது வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் அவள். அட்டைகளுக்கு அவள் கொடுத்த இரத்தத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பீப்பாய் நிறைந்திருக்கும். ஆனால் இந்த அட்டை கடித்த நேரம் சரியில்லை.

அவளுடைய வலது நுரையீரலின் மேல் பாகத்தைக் கொழும்பில் வெட்டி எடுத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. பீடி, சுருட்டு எதையும் தொட்டவள் அல்ல. லய வரிசை வீட்டின் காம்பரா அறைக்குள் விறகடுப்பு ஊதி ஊதியே புற்றுநோய் வந்திருக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். தினம் சாயந்தரம் ஆறு மணிக்கு வயிற்றில் ஓர் ஊசி, இருபத்தெட்டு நாளைக்கு. அப்புறம், படுத்தே கிடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். மகள் விதுஷா ஊசி போடவே கற்றுக்கொண்டு வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அப்படி நடக்கப் போனபோதுதான் அட்டை கடித்தது. காலை எட்டு மணிக்குக் கடித்த இடத்தில் பகல் ஒரு மணி வரை இரத்தம் கசிந்தது. சுண்ணாம்பு வைத்தார்கள். புகையிலையைக் கசக்கி வைத்தார்கள். எதற்கும் கேட்கவில்லை. கணவர் நல்லையா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊசிதான் இரத்தத்தைத் தண்ணியாக்கிவிட்டது என்று அவராக ஒரு முடிவுக்கு வந்தார்.

மறுநாள் காலை விதுஷா கொழும்புக்குக் கிளம்பினாள். வெட்டியெடுத்த கட்டியின் ரிப்போர்ட்டை வாங்கி வர வேண்டும். "ரெண்டு நாளைக்கு நீங்க போட்டு விடுங்கப்பா. கை நடுங்காத ஆள் இந்த வீட்ல நீங்கதான்," என்று ஊசிகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நல்லையா போடவில்லை. இராக்கம்மாவும் கேட்கவில்லை. ஊசி போட்டுப் போட்டு அவள் வயிறெல்லாம் நீலம் பாரித்திருந்தது. "இரத்தம் கொஞ்சம் ஊறட்டும், பேசாம படு," என்று அவர் சொன்னபோது அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு ஊசியும் தேயிலை டின்னுக்குள் போயின. புருசனும் பொண்டாட்டியும் கூட்டுக் களவாணிகள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விதுஷா வரும் நாள்.

"என்னங்க, இந்தக் காலைக் கொஞ்சம் நீவி விடுங்களேன்," என்றாள் இராக்கம்மா.

காலை பத்து மணியைத் தாண்டிவிட்டது. பனிமூட்டம் இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வந்து நின்றது. நல்லையா அடுப்படியில் பீட்ரூட் அவித்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் காலு? அட்டை கடிச்சதா?"

"அது வலது. இது இடது கெண்டைக்காலு. விடியக் காத்தாலருந்து கடுக்குது. கல்லாட்டம் இருக்கு."

"கொழும்புல கால் வீங்கினா சொல்லச் சொன்னாங்கல்ல?"

"நாப்பது வருசமா மேட்டுல நின்ன காலு வீங்காம என்ன செய்யும்? இதப் போய் கொழும்புக்குச் சொல்லுவாங்களாக்கும். ஊருக்கெல்லாம் சுளுக்கு வழிச்சு விடுறீங்க, பொண்டாட்டி கேட்டா மட்டும் கை வலிக்குது."

அவள் சொன்னதும் பொய்யில்லை. லயத்தில் யாருக்குக் கால் பிசகினாலும் கை மடங்கினாலும் முதலில் வருவது நல்லையாவிடம்தான். தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தைந்து வருசம் வேலை செய்த கை. சுளுக்கு எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். அவர் கற்பூரம் போட்டு எண்ணெய் காய்ச்சினார். கிண்ணத்தைத் துணியில் பிடித்துக் கொண்டுவந்து கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கை பட்டதும் நின்றுவிட்டது.

தோல் இழுத்துப் பிடித்து மினுங்கியது. பக்கத்தில் இருந்த வலது கால் எப்போதும் போல மெலிந்து கிடந்தது. இடது கால் மட்டும் இரண்டு பங்கு. அந்தச் சூடு காய்ச்சல் சூடு மாதிரி இல்லை. உள்ளே ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து வரும் சூடு. இந்தச் சூட்டை அவர் கை இதற்கு முன் ஒரு தடவை தொட்டிருக்கிறது. இதே காம்பராவில், இதே கட்டிலில்.

"சொகமா இருக்குடா தம்பி," என்றது ஒரு குரல்.

யாரும் பேசவில்லை. அந்தக் குரல் ஒன்பது வருசமாக அவர் காதுக்குள் இருக்கிறது.

மாரிசாமி, நல்லையாவின் அண்ணன். கொழுந்து லொறியிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பதினொரு நாள் இந்தக் கட்டிலில் கிடந்தார். அவருக்கும் கெண்டைக்கால் இப்படித்தான் வீங்கியது. நல்லையா வேலை விட்டு வந்து, இராக்கம்மா காய்ச்சிக் கொடுத்த எண்ணெயைப் போட்டு, கீழேயிருந்து மேலே அரைமணி நேரம் நீவி விட்டார். சுகமாக இருக்கிறது என்றார் மாரிசாமி. கொஞ்சம் காத்தாட நிற்கிறேன் என்று கம்பை ஊன்றி எழுந்தார். வாசல்படியைத் தாண்டவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சரிந்தார். சரிந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

இராக்கம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள். மாரிசாமியின் மகன் சுரேஸ் கடைக்குப் போயிருந்தான். தாயில்லாத பிள்ளை, பத்தொன்பது வயது. கையில் பாண் ரொட்டியோடு ஓடி வந்து வாசலில் நின்றான்.

லயத்தில் கூடிப் பேசி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். லொறியிலிருந்து விழுந்ததற்கு முந்தின வாரம் உச்சிப்பொழுதில் கருவாட்டுப் பொட்டலத்தோடு முனி முடக்கைக் கடந்தவர் மாரிசாமி. ரோடு வளையும் அந்த முடக்கில்தான் முனியாண்டிக் கல் இருக்கிறது. முனி காலைப் பிடித்து, மேலே ஏறி, நெஞ்சில் அடித்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு வருசா வருசம் சுரேஸ் முனிக்கு ஒரு சேவல் கொடுத்து வந்தான். நல்லையா, அண்ணன் சரிந்த அந்த வாசல்படியின் இடது பக்கத்தில் கால் வைப்பதை விட்டார். ஒன்பது வருசமாக வலது ஓரத்தில் ஒதுங்கித்தான் வீட்டுக்குள் வருகிறார், போகிறார்.

இந்த வருசம் ஆப்பரேஷன் அலைச்சலில் சேவல் கொடுக்கவில்லை. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்ன பேயறைஞ்ச மாதிரி பாத்துக்கிட்டே இருக்கீங்க? நீவுங்க," என்றாள் இராக்கம்மா.

அவர் காலை மெல்ல இறக்கிப் பாயில் வைத்தார்.

"இரு புள்ள. முனிக்கு ஒரு சூடம் கொளுத்திட்டு வந்துடுறேன். அப்புறம் நீவுறேன்."

"காலுக்கும் முனிக்கும் என்னங்க?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சூடப் பெட்டியை எடுத்துக்கொண்டு, வாசலின் வலது ஓரமாக வெளியே போனார்.

முனி முடக்குக்கு லயத்திலிருந்து நூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும். பனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பின்னால் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்கு விருப்பம் இல்லை.

அந்தப் பக்கத்தில் போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த முடக்குதான். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் முனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசுவார்கள். முனியும் கண்டுகொள்வதில்லை. நல்லையா சூடத்தை எடுத்து வைத்து நெருப்புக்குச்சியைக் கிழித்தார். நமுத்த குச்சி, பற்றவில்லை. இரண்டாவது குச்சியை எடுக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது.

"அப்பா, காலையிலருந்து எத்தனை தடவ எடுக்குறேன். எங்க இருக்கீங்க?"

"முடக்குல நிக்கிறேன்மா. நீ எங்க வர்ற?"

"பண்டாரவளைக்கு வந்துட்டேன். அப்பா, ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு. வெட்டி எடுத்ததோட சரியாம். சுத்தி எங்கயும் நோய் மிச்சமில்லன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

நல்லையா பக்கத்துச் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதமாக அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கண் கலங்கிவிட்டது.

"அம்மா நடக்குறாங்களா?"

"ம்."

"ஊசி?"

"போட்டாச்சு." எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது பாருங்கள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. நேத்து கிளினிக்ல நர்ஸ் கேட்டாங்க, வீட்ல எண்ணெய் போட்டு நீவுற பழக்கம் இருக்கான்னு. எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. அம்மாவுக்கு ஒரு காலு மட்டும் வீங்கி, சூடா இருந்தா அதுல கையே வைக்கக் கூடாதுப்பா."

"ஏம்மா?"

"ஆப்பரேஷன் செஞ்ச உடம்புல, அதுவும் புற்றுநோய் இருந்த உடம்புல, கால் நரம்புக்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியாயிரும். படுத்தே கிடந்தா இன்னும் சீக்கிரம் ஆகும். அப்படி ஆகாம இருக்கத்தான் அந்த ஊசி. நீவினா கட்டி பிச்சுக்கிட்டு மேல ஏறிரும். நெஞ்சுக்குப் போய் நுரையீரல அடைச்சிரும். நல்லா பேசிக்கிட்டு இருந்தவங்களே எழுந்து நாலு எட்டு வச்சதும் விழுந்துருவாங்களாம்."

காலைப் பிடித்தது. மேலே ஏறியது. நெஞ்சில் அடித்தது.

லயத்து ஆட்கள் ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருந்தார்கள். ஆளை மட்டும்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்கள். நல்லையா முனிக்கல்லைப் பார்த்தார். மஞ்சளும் குங்குமமும் மழையில் கரைந்து வழிந்த, முழங்கால் உயரக் கருங்கல். எட்டுச் சேவல் வாங்கிய கல். அது யாரையும் எதுவும் செய்யவில்லை. பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். கற்பூர எண்ணெய் இன்னும் மணத்தது.

"அப்பா? இருக்கீங்களா?"

"வீங்கியிருக்கும்மா."

"என்ன வீங்கியிருக்கு?"

"அம்மாவுக்கு. இடது காலு."

பஸ் இரைச்சலுக்கு நடுவே விதுஷா நிதானமாகப் பேசினாள். அந்த நிதானம்தான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"1990 அம்புலன்சுக்கு நான் எடுக்குறேன். முடக்குக்கு வரச் சொல்றேன். நான் நேரா பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்துடுறேன். அம்மாவ நடக்க விடாதீங்க. யாரையும் அந்தக் கால்ல கை வைக்க விடாதீங்க. ஓடுங்கப்பா."

எண்ணெய்க் கிண்ணம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத சனம் நிறைந்த லயம். நல்லையா ஓடினார். அறுபத்தொரு வயதில், நூற்றுச் சொச்சம் படி. வழியெல்லாம் அந்தக் குரல் கூடவே வந்தது. சொகமா இருக்குடா தம்பி. சொகமா இருக்குடா.

வாசலுக்கு வந்தபோது உள்ளே பக்கத்துக் காம்பரா மரியகொரட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இராக்கம்மாவின் காலை மடியில் வைத்து, இரண்டு கையிலும் எண்ணெய்.

"கை வைக்காத கொரட்டி. எடு கைய."

இருபது வருசப் பழக்கத்தில் நல்லையா சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. பயந்துபோய்க் கையைத் தூக்கினாள். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது.

"சேசுவே. என்ன அண்ணே? புள்ள வலியில துடிக்குதேன்னு ரெண்டு இழுப்புத்தான் இழுத்தேன்."

"ரெண்டு தானா?"

"ரெண்டோ மூணோ. எண்ணிக்கிட்டா இழுப்பாங்க?"

இராக்கம்மா அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஏங்க இப்படி ஓடி வர்றீங்க? உங்களப் பாத்து எனக்கும் மூச்சு வாங்குது. இழுத்தா இந்தப் பக்கம் குத்துது. கொஞ்சம் எழுப்பி விடுங்க, காத்தாட வாசல்ல நிக்கிறேன்."

அண்ணனும் காத்தாடத்தான் எழுந்தார். நல்லையா கட்டிலில் ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு தோளையும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்தில் வேற்று மனுசர் முன்னால் அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"எழுந்திரிக்காத புள்ள. எனக்காக. அசையாம இரு."

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"முடக்குக்கு அம்புலன்ஸ் வருது. எழுந்திரிக்காதன்னு சொல்றேன்ல."

அவர் அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் இராக்கம்மா அசையாமல் அவர் மேல் சாய்ந்துகொண்டாள். மரியகொரட்டி எதையும் விளக்கமாகக் கேட்கவில்லை, அது அவள் குணத்துக்குப் பெரிய காரியம். இஸ்தோப்பில் நின்று சுரேஸின் பெயரைச் சொல்லிக் கூவினாள்.

சுரேஸுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. ஃபெக்டரியில் இரவு வேலை முடித்து வந்து பின் காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து வந்தவன் சின்னம்மாவின் காலைப் பார்த்தான், சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தான், போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்தான். லயத்து ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். இராக்கம்மாவைக் கம்பளியில் சுற்றிக் கதிரையில் வைத்து, நாலு பேரும் நாலு காலைப் பிடித்தார்கள். நல்லையாவுக்குக் கிடைத்தது இடது பக்கத்து முன்கால்.

வாசல் குறுகல். வலது ஓரம் ஒதுங்க முடியாது. நல்லையா ஒரு கணம் நின்றார்.

"சித்தப்பா, போங்க," என்றான் பின்னாலிருந்து சுரேஸ்.

ஒன்பது வருசமாக மிதிக்காத இடத்தில் நல்லையா முழுப் பாதத்தையும் வைத்து மிதித்து வெளியே போனார். ஒன்றும் நடக்கவில்லை. வெறும் சிமெந்து. கொஞ்சம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்புலன்ஸ் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது விதுஷா வாசலிலேயே நின்றாள். தோளில் பை, பைக்குள் அந்த நல்ல ரிப்போர்ட். தாய் ஒட்சிசன் முகமூடியோடு தள்ளுகட்டிலில் வருவதைப் பார்த்ததும் கூடவே ஓடினாள்.

உள்ளே ஒரு இளம் டொக்டர் காலைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், சிங்களத்தில் வேகமாக ஏதோ கேட்டார். றஷீதா என்ற நர்ஸ் தமிழில் சொன்னாள்.

"கடைசியா எப்ப ஊசி போட்டீங்க?"

"நேத்து ஆறு மணிக்கு," என்றாள் விதுஷா. "அப்பா போட்டாரு."

அப்படியே விட்டிருக்கலாம். டொக்டர் எழுதப் பேனையைக்கூட எடுத்துவிட்டார். நல்லையா தன் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரை நம்பிக்கொண்டு நின்றாள்.

"போடல," என்றார். "செவ்வாய்க்கிழமை நீ போட்டதுதான் கடைசி."

"என்னப்பா?"

"அட்டை கடிச்சு ரத்தம் நிக்கலியேன்னு பயந்துட்டேன். ஊசியாலதான்னு நெனச்சேன். ரெண்டு நாளா போடல. படுக்கவும் வச்சுட்டேன்."

"நானும்தான் வேணாம்னேன்," என்றாள் இராக்கம்மா முகமூடிக்குள்ளிருந்து. "அவர மட்டும் ஏசாத."

விதுஷா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லையாவுக்குத் தாங்கியிருக்கும். அவள் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தாள், பிறகு டொக்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் பெரிய நரம்பில் கட்டி இருந்தது. உடனே மருந்தைத் தொடங்கினார்கள். நெஞ்சைப் படம் எடுக்கக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள், விதுஷாவும் கூடப் போனாள். றஷீதா மட்டும் நின்று நல்லையாவுக்கும் சுரேஸுக்கும் சொன்னாள்.

"கட்டி நெஞ்சுக்குப் போயிருக்கான்னு படம் எடுத்தாத்தான் தெரியும். அவங்களுக்கு ஏற்கெனவே நுரையீரல் குறைவு, அதனால சின்னக் கட்டியக்கூடத் தாங்கிக்க கஷ்டம். யாராவது கால நீவினீங்களா?"

"பக்கத்து வீட்டுப் புள்ள, ரெண்டு மூணு இழுப்பு," என்றார் நல்லையா. "நான் நீவல. இன்னைக்கு நீவல."

"நல்ல காலம். ஊசி ஒழுங்கா போட்டாலும் சில பேருக்கு வரத்தான் செய்யும் ஐயா. போடாம விட்டா ஆபத்து அதிகம். அட்டை கடிச்சா ரத்தம் ஓடத்தான் செய்யும், அதோட எச்சிலே ரத்தத்த உறைய விடாது. அதோட ஊசியும் சேர்ந்து கொஞ்சம் கூடுதலா ஓடியிருக்கும். அமத்திப் பிடிச்சுக்கிட்டு எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்." அவள் குரலில் கோபம் இல்லை. தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற களைப்புத்தான் இருந்தது. "கால் ஒடஞ்சு தகடு வச்சவங்களுக்கும் இதே கதைதான். வீட்ல நீவி விடுவாங்க. எழுந்து நடப்பாங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

நடையில் கிடந்த வாங்குப் பலகையில் நல்லையா உட்கார்ந்தார். சுரேஸ் பக்கத்தில் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் கடிகாரம் மூன்று மணி காட்டியது.

"சித்தப்பா," என்றான் சுரேஸ். "அப்பாவுக்கும் தகடுதானே வச்சாங்க?"

"ஆமாப்பா."

"கால் வீங்கியிருந்துச்சு."

"ஆமா."

சுரேஸின் கை நல்லையாவின் தோளில் வந்து விழுந்தது. பிடி இறுகியது. தண்ணீரில் விழுந்தவன் கரையைப் பிடிப்பது போலப் பிடித்தான்.

"அன்னைக்கு காலையில நீங்க வேலைக்குப் போயிட்டீங்க. அப்பா கடுக்குதுன்னாரு. நான்தான் சித்தப்பா நீவி விட்டேன். நீங்க செய்யிறதப் பாத்துப் பாத்து எனக்கும் தெரியும்னு நெனச்சு. யாருகிட்டயும் சொன்னதில்ல. சொல்றதுக்கு அதுல ஒண்ணும் இல்லன்னு இருந்தேன்." அவன் குரல் உடைந்தது. "முனி இல்லல்ல சித்தப்பா? நான்தானா?"

நல்லையா அவனைப் பார்த்தார். மாரிசாமியின் அதே நெற்றி. முனி முடக்கில் போனைக் காதில் வைத்த நேரத்திலிருந்து அவர் மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இது என்னோடு இருக்கட்டும், இவனுக்குத் தெரியவே கூடாது. அன்றைக்கு நீவியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. எண்ணெய் காய்ச்சிக் கொடுத்த இராக்கம்மா சொல்லமாட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்தால், இவன் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு காலம் தள்ளுவான். அது எப்படி இருக்கும் என்று நல்லையாவுக்கு இன்றைக்குக் காலையிலிருந்து தெரியும்.

"நீ இல்லப்பா," என்றார்.

"சும்மா சொல்லாதீங்க."

"சும்மா சொல்லல. நீ காலையில நீவின. அதுக்கப்புறம் சாயந்தரம் வரைக்கும் அவரு நல்லாத்தானே இருந்தாரு? சோறு தின்னாரு, உன்னைய பாண் வாங்க அனுப்பினாரு." அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ கடைக்குப் போன பின்னால நான் வந்தேன். எண்ணெய் போட்டு அரைமணி நேரம் நீவினேன். கீழருந்து மேல. நல்லா அழுத்தி. சொகமா இருக்குடா தம்பின்னாரு. எழுந்தாரு. நான் நீவின கையோட எழுந்துதான் விழுந்தாரு. நான்தான் சுரேசு."

சுரேஸின் கை நல்லையாவின் தோளிலேயே இருந்தது. பிறகு ஒவ்வொரு விரலாகப் பிடி தளர்ந்தது. கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"இத்தனை வருசம் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் தெரியும். சத்தியமா."

"நீவினது தெரியும்ல. அதச் சொல்லவே இல்லியே. என்னைய வருசா வருசம் சேவலத் தூக்கிக்கிட்டுப் போக விட்டீங்களே."

நல்லையா உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார்.

நடையின் கோடியில் கதவு திறந்தது. விதுஷா தலையை நீட்டினாள். அவள் முகத்தில் இருந்தது பயமா, களைப்பா என்று அவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

"படம் வந்திருச்சு," என்றாள். "டொக்டர் ஒருத்தர உள்ள வரச் சொல்றாரு."

நல்லையா வாங்கைப் பிடித்து எழப் பார்த்தார். அவருக்கு முன்னால் சுரேஸ் எழுந்துவிட்டான்.

"நீங்க இங்கயே இருங்க," என்றான்.

சித்தப்பா என்று சொல்லவில்லை.